ஆமணக்கு விதைக்காத ஊர்

1. வரி வாங்கும் உரிமை நவாபிடம் இருந்தது. கடனில் மூழ்கிய நவாப் அதைக் கம்பெனியிடம் கொடுத்தார். வரி கட்டுகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

2. ஊர்க்காவலுக்காகப் பாளையக்காரர்கள் வாங்கிவந்த பங்கின் மீதும் கம்பெனியின் கண் விழுந்தது.

3. மழை பெய்த வருடமும் பொய்த்த வருடமும் கம்பெனிக்கு ஒன்றுதான். பாக்கி ஏறியது.

4. பாஞ்சாலங்குறிச்சிக்காரரை நேரில் வரச்சொன்னார் கலெக்டர். சொன்ன ஊருக்கு இவர் போனார். அங்கே பார்க்க முடியாது, அடுத்த ஊருக்கு வா என்றார் கலெக்டர். அங்கேயும் போனார். இப்படியே ஊர் ஊராக, பல நாள்.

5. கடைசியில் இராமநாதபுரத்தில் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

6. நின்றபடி பேசிய பேச்சு முற்றியது. வெளியேறும்போது கைகலப்பு. கம்பெனி அதிகாரி ஒருவர் செத்தார்.

7. கோட்டையை இடித்துவிடு என்று உத்தரவு வந்தது. அவர் இடிக்கவில்லை. பீரங்கி வந்தது.

8. கயத்தாற்றில் புளியமரத்தில் தூக்கு.

9. சிறையிலிருந்து தப்பிய தம்பி, இடிந்த கோட்டையை மண்ணால் எழுப்பி மறுபடி சண்டை போட்டார். இந்தத் தடவை வேறு பாளையங்களும் சேர்ந்துகொண்டன. வரித் தகராறு வெள்ளைக்காரனே போ என்கிற போராக மாறியது இங்கேதான். அதுவும் தோற்றது.

இந்த ஒன்பதையும் கயத்தாற்றில், நெடுஞ்சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். காரின் பின்சக்கரம் பஞ்சர். மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை. சொல்லச் சொல்ல எழுதவைத்தவர், வாடகைக் கார் ஓட்டிவந்த அந்தோணி அண்ணாச்சி. கோவில்பட்டிக்காரர், ஐம்பது வயதிருக்கும். என்னை அழைக்க வந்ததில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை போய்விட்டது என்று அதற்குள் இரண்டு முறை சொல்லிக் காட்டியிருந்தார். பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையை நான் மூன்று வரியில் படித்தேன்: வரி கேட்டார்கள், மறுத்தார், தூக்கிலிட்டார்கள்.

"சரிம்மா, சண்டை எந்த நம்பர்ல தொடங்குச்சு? சொல்லுங்க பாப்பம்" என்றார்.

"ஏழு. பீரங்கி வந்தது அப்பத்தானே."

"படிச்சவிய எல்லாரும் ஏழும்பாவ. நாலும்மா. வான்னு கூப்பிட்டுட்டுப் பாக்காம அலையவிட்டான் பாத்தியளா, அங்கன தொடங்கிட்டு. வரிய எவனெவனோ வாங்கிட்டுத்தான் போனான்."

வடை போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பாமலே சொன்னார்: "ஸ்டெப்னிக்குக் காத்தடிக்காம வண்டி எடுத்த ஆளு வே நீரு. உம்மகிட்ட வந்து அந்தப் புள்ள வரலாறு கேக்கு பாரும்."

நான் நில அளவைப் பொறியாளர். சென்னையில் ஒரு தனியார் அளவை நிறுவனத்தில் வேலை. ட்ரோனில் படம் எடுத்து, வயல்வயலாக எல்லை போட்டு, எது பயிர் நிலம், எது பயிரற்ற நிலம் என்று நிறம் பிரித்துக் கொடுக்க வேண்டும். கோவில்பட்டிக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் நடுவே ஒரு சூரிய மின்பூங்கா வரவிருக்கிறது. எந்த ஊர் என்று எழுதவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை.

வைகாசியில் ஒருமுறை வந்து படம் எடுத்துப் போயிருந்தேன். அரசுத் தரிசு என்று பதிவேட்டில் உள்ள நிலமெல்லாம் வெறுமையாக, கை நுழையும் அளவு வெடித்துக் கிடந்தது. 'பயிர் இல்லை' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் வைகாசியில்கூட ஒரு மூலையில் பம்புசெட் ஓடும், குறுவை நாற்றங்கால் பச்சையாகத் தெரியும். ஒன்றுமில்லாவிட்டால் அறுத்த தாளாவது கிடக்கும். கரிசலில் அப்படியில்லை. மாசியோடு வெள்ளாமை முடிந்து கோடை உழவு போட்டுவிட்டால் பட்டா நிலமும் தரிசும் ஒரே கறுப்புதான். விதை விழுவது புரட்டாசி மழைக்கு. இது இங்கே மேய்கிற ஆட்டுக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியவில்லை. என் வேலையைச் சரிபார்த்த சென்னைக்காரருக்கும் தெரியவில்லை.

அந்தப் படத்தை வைத்து நாகம்மா என்பவருக்கு நோட்டீஸ் போனது. அவருடைய இரண்டரை ஏக்கர் பதிவேட்டில் தரிசு. மாமனார் காலத்திலிருந்து உழுகிறார்கள். தொடர்ந்து பயிர் செய்திருப்பதாக விசாரணையில் நிரூபித்தால் நிலத்தைத் திட்டத்திலிருந்து விலக்கிவிடலாம். இல்லையென்றால் அது கம்பிவேலிக்குள் போய்விடும். அவர் ஆட்சேபனை மனுக் கொடுத்ததால், பயிர் நிற்கிற பருவத்தில் மறு அளவை செய்து விசாரணையில் சமர்ப்பிக்கும்படி என்னையே அனுப்பினார்கள். தப்புச் செய்தவளையே திருத்தவும் அனுப்பினால் பஸ் செலவு மிச்சம் என்று நினைத்திருக்கலாம்.

கோவில்பட்டியில் தங்கினேன். கடலைமிட்டாய் வாசனை தெருவில் நடக்கும்போதே சட்டையில் ஏறிக்கொள்கிறது. விடுதிக்கு எதிரே இருந்த மெஸ்ஸில் குதிரைவாலிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கிடைத்தன. பரிமாறிய அம்மாள், நான் சோற்றைப் பிசையாமல் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டார்.

"என்னட்டி, நெல்லுச்சோறு திங்கிற ஊரா?"

"ஆமாம்."

"அதான் மொகம் வெளிறிக் கெடக்கு. தின்னு. காரம் ஏறுனா மோர் தாரேன்."

காரம் ஏறியது. மோரும் வந்தது.

மறுநாள் காலையில் கிராமத்துக்குக் கிளம்பினோம். இரவு மழை பெய்திருந்தது. எங்கள் ஊரில் சேறென்றால் கால் புதையும், இழுத்தால் வரும், வாய்க்காலில் அலம்பினால் போய்விடும். கரிசல் மண் போகாது. தார்ச்சாலையை விட்டு வண்டிப்பாதையில் இறங்கிய இருபதாவது அடியில் கார் நின்றது. சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் நடுவே களிமண் அடைத்துக்கொண்டதில் சக்கரமே சுற்றவில்லை. இறங்கி நடந்தேன். பத்தடிக்கு ஒருமுறை என் செருப்பு அரை அங்குலம் உயர்ந்தது. கருவிப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்த அந்தோணி அண்ணாச்சி, "நீங்க வளருதீங்க மேடம்" என்றார்.

எதிரே ஒருவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "சைக்கிள் நம்மள தூக்குறது வெயில் காலம். மழைக்காலத்துல நாம அத தூக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகம்மா வயலில்தான் இருந்தார். நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். மெலிந்தவர், உரத்த குரல். வைகாசியில் நான் 'பயிர் இல்லை' என்று எழுதிய நிலத்தில் கம்பு கதிர் தள்ளியிருந்தது, ஊடே பாசிப்பயறு காய்த்திருந்தது. நான் யாரென்று சொன்னேன். படம் எடுத்தது நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்து வேலை செய்ய எனக்கு வராது.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். வரப்பில் உட்கார்ந்திருந்த கணவர் பெருமாள்சாமியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர் சிரித்தார்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ஆகாயத்துலேர்ந்து பாத்த புள்ள தரைக்கு வந்துட்டுன்னு சொல்லுதா" என்றார் பெருமாள்சாமி.

கருவியை ஊன்றி நான்கு மூலையும் அளந்தேன். இரண்டு எல்லைக்கல் சாய்ந்திருந்தன, ஒன்று காணவில்லை. கோடையில் வெடித்து மழையில் உப்பும் மண் கல்லை நிற்கவிடாது. எல்லையை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று கேட்டதற்கு, "உழுறவனுக்குத் தெரியாதா?" என்றார் நாகம்மா. இதைப் படிவத்தில் எங்கே எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

வழியில் பார்த்த வேறு ஊர்ப் பருத்திக் காடுகளில் ஓரமாக ஆமணக்கு வரிசை நின்றது. பருத்திக்கு வருகிற பூச்சி அதில் போய் முட்டையிடுமாம். இங்கே ஒரு செடிகூட இல்லை. சும்மா கேட்டுவைத்தேன்.

நாகம்மா குனிந்து களையெடுத்தார். பெருமாள்சாமிதான் சொன்னார்.

"எங்க ஊர்ல ஆமணக்கு விதைக்க மாட்டாவ. கோட்டைய இடிச்சுத் தரைமட்டமாக்கி, உழுதுட்டு, கம்பெனிக்காரன் அதுமேல ஆமணக்கு வெதச்சான். கோட்டை இருந்த எடம் தெரியக்கூடாதுன்னு. இங்கேர்ந்து போயி செத்தவிய ரொம்பப் பேரு. அதுலேர்ந்து அந்த வெதைய இந்த ஊருக்குள்ள கொண்டாறது இல்ல. வெளக்கெண்ணெகூட வெளியூர்லதான் வாங்குவாவ. கல்யாணம் கட்டி வாரவகிட்டயும் மொதல்ல இதச் சொல்லிப்புடுவோம்."

"நீங்க இதெல்லாம் நம்புறீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

நாகம்மா நிமிர்ந்தார். "நம்புறதுக்கு என்ன இருக்கு தாயி? விதைக்க மாட்டோம், அவ்வளவுதான்."

மத்தியானம் கம்பஞ்சோறும் சீனியவரை வத்தலும் கொடுத்தார். என் பெற்றோர், சம்பளம், கல்யாணம் மூன்றையும் அந்த வரிசையில் விசாரித்தார். திரும்பும்போது ஊர்க்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். சேறு தெறித்து அந்தோணி அண்ணாச்சியின் வெள்ளைச் சட்டை போனது. "ஏலே, மெதுவா! இது எங்க அக்கா மகன் கல்யாணத்துக்கு எடுத்ததுலே!" என்று கத்தினார். தள்ளியவர்களில் ஒருவர், "கல்யாணம் முடிஞ்சிட்டுல்லா, பொறவென்ன" என்றார்.

செவ்வாய்க்கிழமை விசாரணை. இடம், நோட்டீஸில் இருந்தபடி, தாலுகா அலுவலகம். பதினோரு மணிக்குப் போனோம். அதிகாரி அங்கே வரவில்லை, வேறொரு ஊரில் முகாம் என்றார்கள். நாகம்மாவும் பெருமாள்சாமியும் பஸ்ஸில் வந்திருந்தார்கள். எங்கள் காரிலேயே ஏற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனோம். மூன்று மணிவரை வேப்பமரத்தடியில் நின்றோம். பிறகு ஒருவர் வந்து, இன்றைக்கு நேரமில்லை, வியாழக்கிழமை பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள் என்றார். மனுக் கொடுத்த நாளிலிருந்து இப்படி ஏழாவது முறை என்றார் நாகம்மா. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் களையெடுப்பு போகிறது. கையிலிருந்த நோட்டீஸ் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

காத்திருந்த நேரத்தில் நான் ஒரு வேலை செய்தேன். முகாமுக்கு வந்திருந்த அலுவலக ஊழியர் ஒருவரிடம் கேட்டு அந்த நிலத்தின் அடங்கலைப் பார்த்தேன். எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார்கள் என்று கிராம நிர்வாக அலுவலர் வருடாவருடம் எழுதும் பதிவு அது. நாகம்மாவின் பெயர் இருந்தது. ஒரு வருடமல்ல, வரிசையாகப் பல வருடம். தரிசு நிலத்தில் பயிர் செய்கிறவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சந்தோஷத்தில் அடுத்த கட்டத்தைப் பார்த்தேன். பயிர்: ஆமணக்கு. மேலே, கீழே, எல்லா வருடமும் ஆமணக்கு. முன்பிருந்த யாரோ ஒருவர் வயலுக்குப் போகாமல், சுற்றுவட்டாரத்தில் என்ன விளையுமோ அதை நாற்காலியில் உட்கார்ந்தபடி எழுதியிருக்கிறார். அடுத்து வந்தவர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வைகாசியில் நான் செய்ததும் இதேதான். என்ன, நான் உயரத்திலிருந்து செய்தேன்.

நாகம்மாவிடம் உடனே சொன்னேன். "உங்க பேர் இருக்கு. ஆனா பயிர்னு ஆமணக்குப் போட்டிருக்காங்க."

"எவன் எழுதுனான்?"

"தெரியல. கேட்டாங்கன்னா…"

முடித்தது பெருமாள்சாமி.

"கேட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போ. நிலம் நிக்கும். ஒத்த வார்த்தை."

"நீரு சொல்லுவீரா?"

"மனு உன் பேருலல்லா இருக்கு."

"அதான் கேக்கேன். உம்ம பேருல இருந்தா சொல்லுவீரா?"

அந்தோணி அண்ணாச்சி காரைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தார். அவர்களை ஊரில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் என்னிடம் சொன்னார்: "நானா இருந்தா ஆமான்னு சொல்லிட்டு சாமியார்கிட்ட போயிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிருவேன். எங்களுக்கு அந்த வசதி இருக்கு."

புதன்கிழமை விடுதியிலேயே இருந்து பழைய செயற்கைக்கோள் படங்களைத் தேடி எடுத்தேன். கார்த்திகை, மார்கழிப் படங்களில் அந்த வயல் பச்சையாகத் தெரிந்தது, முந்தைய வருடங்களிலும். தாளில் அச்செடுத்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் வயலைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டேன். இதுவே போதும் என்று நம்பினேன்.

வியாழக்கிழமை. பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு. பிள்ளைகளை வெளியே மரத்தடிக்கு மாற்றியிருந்தார்கள். வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே இருந்தது. அதிகாரி வேறு மாவட்டத்துக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். கெட்டவர் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை. மேசைக்கு ஒருபுறம் அவரும் எழுத்தரும். மறுபுறம் மின்பூங்கா அமைக்கும் மின்நிறுவனத்தின் ஆள், இஸ்திரி கலையாத சட்டையில். என்னைப் பார்த்ததும் அதிகாரி, "வாங்க மேடம், உக்காருங்க" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். இன்னொரு நாற்காலியும் இருந்தது. அதன்மேல் கோப்புகள் இருந்தன. நாகம்மா நின்றார். பின்னால் பெருமாள்சாமி நின்றார். சன்னலுக்கு வெளியே ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

விசாரணை முக்கால் மணி நேரம் நடந்தது. கோப்புகளை எடுத்துக் கீழே வைக்க ஐந்து விநாடி ஆகும். அதிகாரி எடுக்கவில்லை, எழுத்தர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எழுந்து என் நாற்காலியையாவது கொடுக்கலாமா என்று நினைத்தேன். என் அறிக்கைக்கு மரியாதை குறைந்துவிடுமோ என்று தோன்றியது. உட்கார்ந்தே இருந்தேன்.

முதலில் என் மறு அளவை. பயிர் நிற்கிறது என்றேன். படங்களைக் கொடுத்தேன். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பச்சை தெரியுது. யார் வச்ச பச்சைன்னு இதுல தெரியுமா மேடம்?"

"தெரியாது சார்."

"சரி. அதுக்குத்தான் அடங்கல் இருக்கு." அவர் குரலில் உண்மையாகவே ஒரு நிம்மதி இருந்தது. "இந்தாங்க, எல்லா வருஷமும் அம்மா பேர்லயே ஏறியிருக்கு. ஏம்மா, ஆமணக்குப் போட்டிருக்கீங்க, அப்படித்தானே?"

வெளியே பிள்ளைகள் எட்டாம் வாய்ப்பாட்டில் இருந்தார்கள்.

"கம்பு போட்டோம் சார். பாசி, உளுந்து. ரெண்டு வருசம் பருத்தி" என்றார் நாகம்மா.

"அதோட ஆமணக்கும்?"

"இல்ல சார்."

"வரப்போரத்துல? ஊடுபயிரா கொஞ்சமாவது?"

"எங்க ஊர்ல விதைக்க மாட்டோம் சார்."

மின்நிறுவனத்து ஆள் மெதுவாகச் சொன்னார்: "அப்ப அடங்கல் பொய்னு அவங்களே சொல்றாங்க சார். பதிவு பண்ணிக்கணும்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, உங்களுக்கு உதவுறதுக்காகத்தான் கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வருஷக்கணக்காச்சு, மறந்திருக்கலாம். எங்கயாவது ஒரு ஓரத்துல நாலு செடி இருந்திருக்கலாம்."

"ஏட்டி, சொல்லேன்" என்றார் பெருமாள்சாமி, மிகத் தாழ்ந்த குரலில்.

நாகம்மா திரும்பவில்லை. சன்னலில் நின்றவர்கள் யாரும் அசையவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர்களில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொருவரும் காதால் கேட்டிருப்பார்கள்.

"எழுதுனவரு உக்காந்த எடத்துலேர்ந்து எழுதிட்டுப் போயிட்டாரு சார். நான் விதைக்காதத விதைச்சேன்னு எப்படிச் சொல்லுவேன்? அதுலயும் அத."

"அதுலயும் அத"வின் பொருள் அதிகாரிக்கு விளங்கவில்லை. விளக்கமும் அவர் கேட்கவில்லை. மின்நிறுவனத்து ஆள் என் பக்கம் திரும்பினார்.

"மேடம், ஒரு டெக்னிக்கல் சந்தேகம். ஆமணக்கு நீண்டகாலப் பயிர். போன பருவத்துல வச்சிருந்தா வைகாசியில நீங்க எடுத்த படத்துல செடி நின்னிருக்கணுமா இல்லையா?"

நின்றிருக்க வாய்ப்பு அதிகம். என் முதல் படத்தில் ஒன்றுமில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை என்னிடமும் இருந்தது. நான் என் தொழிலைப் பற்றி யோசித்தேன். "நின்னிருக்கணும் சார்" என்றேன்.

எழுத்தர் எழுதினார். அடங்கல் பதிவு, மனுதாரரின் சொந்த வாக்குமூலத்தாலும் தொழில்நுட்ப அறிக்கையாலும் ஆதரிக்கப்படவில்லை. இப்போது நிற்கும் பயிர், திட்ட அறிவிப்புக்குப் பிறகு ஏற்பட்டதாக இருக்கலாம். அதிகாரி வாசித்துக் காட்டினார். சரிதானே அம்மா என்று கேட்டார். நாகம்மா கையெழுத்துப் போட்டார். எழுத்து நன்றாக இருந்தது; முழுப்பெயர், தலைப்பெழுத்தோடு.

திரும்பும் வழியில் காரில் பெருமாள்சாமி கத்தினார். மகளை எதை வைத்துப் படிக்கவைப்பது என்றார், அப்பா வேரோடு பிடுங்கிய கருவேலமுள்ளுக்கு என்ன மதிப்பு என்றார், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்றார். அழுதார் என்றும் சொல்ல வேண்டும். நாகம்மா கைப்பையிலிருந்து கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை அவர் கையில் வைத்தார், ஒன்றை எனக்கு நீட்டினார். அந்தோணி அண்ணாச்சி வழக்கமாகச் சொல்லும் நகைச்சுவை எதுவும் அன்று வரவில்லை. எதிரே லாரி வந்தபோது மட்டும், "போ ராசா, நீயாவது போ" என்று ஒதுங்கி வழிவிட்டார்.

"நான் அப்படிச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றேன்.

"உள்ளதத்தானே சொன்ன" என்றார் நாகம்மா. ஆறுதலாகச் சொன்னாரா, வேறெப்படியாவது சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. முகம் வெளியே திரும்பியிருந்தது.

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வராம இருக்குமா. வச்சிருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு அந்தோணி அண்ணாச்சியிடம், பாசிக்காய் முத்திவிட்டது, மழை விட்டால் நாளைக்கே பறிக்க வேண்டும், அதனால் ஊருக்குள் வரவேண்டாம், ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கிலேயே இறக்கிவிடுங்கள், நடந்து போய்க்கொள்கிறோம் என்றார். இறங்கி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் வண்டிப்பாதையில் நடந்தார்கள். அந்த மண்ணில் நாகம்மாவின் நடை வேகமாக இருந்தது.

நான் வெள்ளிக்கிழமை சென்னை திரும்பினேன்.

இதை எழுதும்போது நிலவரம் இது. பயிர் குறித்த என் திருத்தம் ஏற்கப்பட்டுவிட்டது. வரைபடத்தில் அந்த இரண்டரை ஏக்கர் இப்போது பச்சை நிறத்தில், 'அரசுத் தரிசு – பயிர் உள்ளது – ஆக்கிரமிப்பு' என்ற குறிப்போடு, திட்ட எல்லைக்கு உள்ளே இருக்கிறது. நாகம்மா மேல்முறையீடு செய்திருக்கிறார், தேதி கொடுக்கவில்லை. எந்த ஊருக்கு வரச் சொல்வார்கள் என்றும் தெரியவில்லை. பாசி பறித்தாகிவிட்டது. கம்பு அறுக்க மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் வேலிக்கம்பம் நட வேண்டும் என்று மின்நிறுவனத்தார் எங்களிடம் அளவுகள் கேட்டிருக்கிறார்கள். நான்கு மூலைகளின் அளவும் என்னிடம்தான் இருக்கிறது. நேற்று அனுப்பிவிட்டேன்.